ஆயிரத்துக்கு ஐந்து

செகந்திராபாத்தில் ஒரு அரசுப் பள்ளி. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் புழங்கும் அதன் நூலகத்தில் உட்கார்ந்து ஒரு பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நீளவாட்டில் கோடு போட்ட கணக்கு நோட்டு. புத்தகத்தின் பெயர், எடுத்தவர், வகுப்பு, எடுத்த தேதி, திருப்பிய தேதி என்று ஐந்து பத்திகள். கடைசிப் பத்தி நெடுகிலும் பிள்ளைகளின் கையெழுத்து. ஓர் இடத்தில் மட்டும் கையெழுத்து இல்லை. அங்கே பென்சிலால் தெலுங்கில் ஒரே ஒரு வார்த்தை: 'வெள்ளிப்போயிந்தி'.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு இப்படிப்பட்ட இடத்தில் கண் நின்றுவிடும். தெலுங்கில் ஒருமையில் பெண்ணுக்கும் அஃறிணைக்கும் வினைமுற்று ஒன்றேதான். 'போய்விட்டாள்' என்றும் கொள்ளலாம். 'போய்விட்டது' என்றும் கொள்ளலாம். தமிழில் எழுதும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். போனது பெண்ணா, புத்தகமா? நூலகத்தைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியையிடம் கேட்டேன். "ரெண்டும்தான் மேடம்" என்றார்.

நூலக வாரத்தை ஒட்டி, மொழிபெயர்ப்பைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச அவர்தான் என்னை அழைத்திருந்தார். அந்தப் பெண் ஏழாம் வகுப்பு. மகபூப்நகர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்த குடும்பம். அப்பா, அம்மா இருவருக்கும் கட்டட வேலை. எழும்பிக்கொண்டிருந்த ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகை. வெள்ளிக்கிழமை புத்தகம் எடுத்தாள். திங்கட்கிழமை பெஞ்சில் அவள் இடம் காலி. கட்டடம் முடிந்து மேஸ்திரி வேறு இடத்துக்கு ஆட்களைக் கூட்டிப் போய்விட்டார். மாற்றுச் சான்றிதழ் வாங்கக்கூட யாரும் வரவில்லை.

புத்தகத்தின் விலை நூறு ரூபாய்க்கு மேல் போகாது. ஆசிரியை தன் கைக்காசில் இன்னொரு பிரதி வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார். ஆனால் விஷயம் அத்தோடு முடியவில்லை. இனிமேல் 'நிலையான விலாசம் உள்ள' பிள்ளைகளுக்கு மட்டும் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தால் போதும், மற்றவர்கள் இங்கேயே உட்கார்ந்து படிக்கட்டும் என்று பள்ளியில் ஒரு பேச்சு எழுந்திருக்கிறது. ஆசிரியை என்னைக் கேட்டார்: "அந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுக்கலாமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள் மேடம்."

அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கொடுக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிடுவது விருந்தாளிக்குச் சுலபம். ஆண்டுக் கடைசியில் கணக்குச் சொல்ல வேண்டியவர் அவர். அதனால் யோசித்து இங்கே எழுதுகிறேன்.

நம்மில் பலருக்குப் பள்ளி நூலகம் என்றால் நினைவுக்கு வருவது பூட்டுதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் படித்த சிற்றூர்ப் பள்ளியில் தலைமை ஆசிரியர் அறையில் கண்ணாடி போட்ட பீரோ ஒன்று இருந்தது. கண்ணாடி வழியாகப் புத்தகங்களின் முதுகைப் படிக்கலாம். நாங்கள் அப்படித்தான் படித்தோம். மூன்று ஆண்டில் அந்தப் பெயர்கள் எல்லாம் மனப்பாடம். உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியாது. எட்டாம் வகுப்பில் ஒரு தமிழ் ஐயா தன் வீட்டிலிருந்து புத்தகம் கொண்டுவந்து கொடுக்கவில்லை என்றால் நான் பிற்பாடு தமிழ் எம்.ஏ. படித்திருப்பேனா என்பது சந்தேகம். அந்த ஐயாவிடமும் பீரோ சாவி இல்லை.

இந்தப் பூட்டு புதிதல்ல. 1952-இல் மத்திய அரசு இடைநிலைக் கல்விக்காக ஒரு குழுவை நியமித்தது. தலைவர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார். 1953-இல் வந்த அதன் அறிக்கை பள்ளி நூலகங்களைப் பற்றித் தயவு தாட்சண்யம் பார்க்காமல் எழுதியது. பெரும்பாலான பள்ளிகளில் சொல்லிக்கொள்ளும்படி நூலகமே இல்லை. இருப்பவை பழைய புத்தகங்கள், பிள்ளைகளின் ருசி அறியாமல் வாங்கியவை. பொறுப்பில் இருப்பவர் ஒரு குமாஸ்தா அல்லது அக்கறையில்லாத ஓர் ஆசிரியர். எழுபது ஆண்டு கழித்தும் பல பள்ளிகளுக்கு இந்த வர்ணனை பொருந்தும் என்பதுதான் வருத்தம்.

சட்டத்தில் குறை சொல்ல முடியாது. 2009-இன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் நாளிதழ்களும் பத்திரிகைகளும் எல்லாப் பாடங்களைப் பற்றிய நூல்களும் கதைப் புத்தகங்களும் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. கதைப் புத்தகம் என்பதைத் தனியாகக் குறிப்பிட்ட புண்ணியவான் யாரோ, அவருக்கு நன்றி. 2018-இல் வந்த சமக்ர சிக்ஷா திட்டம், பள்ளியின் வகையைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000 ரூபாய் முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியத்துக்கு வழி செய்தது. கொரோனா முடக்கத்துக்குப் பிறகு, 2022 ஜனவரியில், மத்தியக் கல்வி அமைச்சகம் நூறு நாள் வாசிப்பு இயக்கம் நடத்தியது. அதே 2022-இல் தமிழ்நாட்டு அரசு 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்ற இதழ்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே கொண்டுவந்தது. ஆக, பணமும் ஓரளவு வருகிறது, புத்தகமும் வருகிறது. வந்த புத்தகம் பீரோவைத் தாண்டிப் பிள்ளையின் பைக்குள் போவதில்தான் தடங்கல்.

தடங்கலுக்குக் காரணம் சோம்பேறித்தனம் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது பயம். அரசு நிறுவனத்தில் புத்தகம் என்பது மேஜை, நாற்காலி மாதிரி ஒரு சரக்கு. இருப்புப் பதிவேட்டில் எண் உண்டு. இருப்புச் சரிபார்ப்பு என்று ஒரு நாள் வரும். எண் இருந்து புத்தகம் இல்லை என்றால் பொறுப்பாளர் பதில் சொல்ல வேண்டும். பல சமயம் பணமும் கட்ட வேண்டும். ஒரு புத்தகத்தை நூறு பிள்ளைகள் படித்தால் பாராட்டு என்று எந்தப் படிவத்திலும் பத்தி கிடையாது. தொலைந்தால் அதற்குப் பத்தி உண்டு. இந்த நிலையில் யாருமே பூட்டத்தான் செய்வார்கள். புத்தகம் தொடப்படாமல் இருந்தால் கணக்குச் சரியாக இருக்கும்.

விசித்திரம் என்னவென்றால், கணக்குப் பார்க்கிற அரசாங்கமே இந்தப் பயத்துக்கு ஒரு மருந்து வைத்திருக்கிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017. அதில் 215-ஆம் விதி நூலகப் புத்தகங்களைப் பற்றியது. ஓர் ஆண்டில் வெளியே கொடுத்ததும் அங்கேயே படிக்கக் கொடுத்ததுமாக ஆயிரம் புத்தகத்துக்கு ஐந்து தொலைந்தால் அதை நியாயமான இழப்பாகக் கொள்ளலாம் என்கிறது அது. இரண்டு நிபந்தனைகள்: நேர்மையின்மையோ அலட்சியமோ காரணமாக இருக்கக்கூடாது, ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகமும் அரிய புத்தகமும் தொலைந்தால் விசாரிக்கத்தான் வேண்டும்.

இது மத்திய அரசின் விதி. ஒரு மாநிலத்தின் நடுநிலைப் பள்ளியை நேரடியாகக் கட்டாது. ஆனால் அதன் பின்னுள்ள நியாயம் எந்தப் பள்ளிக்கும் பொருந்தும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு பிள்ளைகள் ஆண்டுக்குப் பத்துத் தடவை புத்தகம் எடுத்தால் ஆயிரம். ஐந்து போகலாம். பிள்ளைகள் இரண்டு மடங்கு எடுத்தால் பத்துப் போகலாம். எவ்வளவு அதிகம் படிக்கிறார்களோ அவ்வளவு அதிகம் தொலைக்க அனுமதி. பூட்டி வைத்தவருக்கு அனுமதி பூஜ்யம். இந்த ஒரு கணக்கைப் பிரதி எடுத்து ஒவ்வொரு பள்ளி நூலகத்திலும் சுவரில் ஒட்டலாம்.

நம் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் இதை முன்பே சொன்னவர். கணித விரிவுரையாளராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவர். 1931-இல் வெளியான அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதல் விதி, புத்தகம் காப்பாற்றி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கு என்ற பொருள் கொண்டது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்ததை அந்த விதியை விளக்கும்போது நினைவூட்டுகிறார். அதே 1931 அக்டோபரில், மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை வடிவமைத்த மாட்டுவண்டி நூலகத்தை ரங்கநாதன் தொடங்கிவைத்தார். வண்டி புத்தகத்தோடு கிராமம் கிராமமாகப் போயிற்று.

நான் வசிக்கும் ஹைதராபாத்துக்கு இந்த விஷயத்தில் தனியாக ஒரு கதை உண்டு. நிஜாம் ராஜ்யத்தில் ஆட்சிமொழி உருது. குடிகள் மற்ற மொழிகளைவிட அதிகமாகப் பேசியது தெலுங்கு. உருதுவில் உயர்கல்வியே கற்பிக்க முடியும் என்று 1918-இல் தொடங்கிய உஸ்மானியா பல்கலைக்கழகம் காட்டியது. அதற்கென்றே மொழிபெயர்ப்பு நிலையம் நடத்திய ஊர் இது. என் தொழிலில் இருப்பவர்கள் மரியாதையோடு நினைக்க வேண்டிய சங்கதி. ஆனால் தெலுங்குக் குழந்தைக்குத் தன் மொழியில் படிக்க இடம் சுருங்கியிருந்தது. 1901 செப்டம்பரில் சிலர் கூடி ஸ்ரீ கிருஷ்ணதேவராய ஆந்திர பாஷா நிலையம் என்று ஒரு நூலகத்தை இங்கே ஆரம்பித்தார்கள். கொமர்ராஜு லட்சுமண ராவ் அவர்களில் முக்கியமானவர். 1904-இல் ஹனம்கொண்டாவில் இன்னொன்று.

1921 நவம்பரில் இதே நகரத்தில், விவேகவர்த்தினி அரங்கில், கார்வே தலைமையில் ஒரு சீர்திருத்த மாநாடு. ஒரு வழக்கறிஞர் தெலுங்கில் பேச எழுந்தார். கூச்சல் போட்டு உட்கார வைத்தார்கள். அந்த அவமானத்திலிருந்து ஆந்திர ஜன சங்கம் பிறந்தது. அதன் முதல் வேலைகளில் ஒன்று ஊர் ஊராக நூலகம் திறப்பது. 1938-இல் செகந்திராபாத்தில் தேசோத்தாரக கிரந்தமாலா என்ற பதிப்பகத்தைத் தொடங்கிய வட்டிகோட்ட ஆழ்வார்ஸ்வாமி, ஒரு காலத்தில் சமையல் வேலையும் ஓட்டலில் பரிமாறும் வேலையும் செய்தவர். புத்தகங்களைத் தானே சுமந்து ஊர் ஊராகப் போனார். அவர் யாரிடமும் நிலையான விலாசம் கேட்டிருக்க மாட்டார்.

இப்போது பள்ளிக்குத் திரும்புகிறேன். அந்த ஆசிரியை புத்தகம் கொடுப்பதோடு நிற்பதில்லை. வாரத்தில் ஒரு லைப்ரரி பீரியடை, கணக்கு வாத்தியார் கடன் கேட்டாலும் கொடுக்காமல், சரித்திரத்துக்கு வைத்திருக்கிறார். நான் போன அன்று பிள்ளைகள் 1908-ஐப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

1908 செப்டம்பர் 28. மூசி நதி பெருகி ஹைதராபாத்தை வாரிக்கொண்டு போன நாள். ஆசிரியை மேஜையில் மூன்று பொருட்களை வைத்திருந்தார். ஒரு சரித்திரப் புத்தகத்தின் பக்கம், ஒரு பத்திரிகைக் கட்டுரையின் நறுக்கு, உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் நிற்கும் ஒரு புளியமரத்தின் படம். அன்றைக்கு அந்த மரத்தில் ஏறிக்கொண்டு நூற்றைம்பது பேர் போல உயிர் தப்பினார்கள் என்பது ஊரறிந்த கதை. ஒரு தாளில் இறந்தவர்கள் 15,000 என்று இருந்தது. இன்னொன்றில் 50,000. "எது சரி டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். "யார் எண்ணியிருப்பார்கள்? எப்படி எண்ணியிருப்பார்கள்? யாரை எண்ணாமல் விட்டிருப்பார்கள்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். வகுப்பு கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு ஒரு பெண் சொன்னாள்: "வாடகைக்கு இருந்தவங்களை விட்டிருப்பாங்க."

பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று வயது. ஐந்தாம் வகுப்பு வரை புத்தகத்தில் இருப்பது உண்மை. ஒன்பதாம் வகுப்பு வந்தால் புத்தகத்தில் இருப்பது மதிப்பெண். நடுவில் இந்த மூன்று ஆண்டுகள்தான், இதைச் சொன்னது யார் என்று கேட்கத் தோன்றுகிற வயது. அந்தக் கேள்விக்கு ஒரு பாடப்புத்தகத்தால் பதில் சொல்ல முடியாது. ஒரே விஷயத்தைப் பற்றிய இரண்டாவது புத்தகம் வேண்டும். அந்த இரண்டாவது புத்தகம் இருக்கும் இடத்துக்குத்தான் நூலகம் என்று பெயர். நடுநிலைப் பள்ளியில் அது ஓர் அலங்காரம் என்று நினைப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த வாரத்துக்கு வீட்டுப்பாடம்: 2020 அக்டோபரில் ஹைதராபாத்தில் வந்த வெள்ளத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுவது. அப்போது இந்தப் பிள்ளைகள் மிகச் சிறியவர்கள். தாங்கள் உயிரோடு இருந்த காலமே சரித்திரமாகிவிடும் என்பது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. ஆசிரியை இன்னொன்றையும் சேர்த்தார். 1908-க்குப் பிறகு விஸ்வேஸ்வரய்யாவை அழைத்துவந்து திட்டம் போட்டார்கள். 1920-இல் உஸ்மான் சாகர், 1927-இல் ஹிமாயத் சாகர் என்று இரண்டு ஏரிகள் எழும்பின. திட்டம் போட்டவர் பெயர் தெரியும்; கட்டச் சொன்னவர் பெயர் ஏரிக்கே இருக்கிறது. மண் சுமந்தவர்கள் யார்?

முந்தைய ஆண்டு வகுப்பிலும் இதே கேள்வியைக் கேட்டாராம். அதற்கு வந்த பதில்களில் ஒன்று நூலகச் சுவரில் ஒட்டியிருந்தது. கோடு போட்ட தாளில் இரண்டு பக்கம். மகபூப்நகர்ச் சீமையை இங்கே பாலமூரு என்பார்கள். பாலமூருக் கூலிகள் நாட்டின் பல அணைகளுக்கு மண் சுமந்தவர்கள் என்பது தெலங்கானா முழுக்கத் தெரிந்த விஷயம். எழுதிய பிள்ளையின் தாத்தா ஸ்ரீசைலம் அணை வேலைக்குப் போனவர். கூலி எவ்வளவு, எதில் சமைத்தார்கள், உடன் வந்தவர்களில் யார் திரும்பவில்லை என்று தாத்தாவைக் கேட்டு எழுதியிருந்தாள். தாத்தா அணை கட்டினார், எங்கள் நிலத்துக்குத் தண்ணீர் வரவில்லை, அதனால் அப்பா கட்டடம் கட்டுகிறார் என்று முடித்திருந்தாள். ஒப்பனையில்லாமல் மூன்று தலைமுறை.

எழுதியது யார் என்று நான் கேட்கவில்லை. ஆசிரியையே சொன்னார். "அந்தப் பெண்தான் மேடம். புத்தகத்தோடு போனவள்."

அவள் சீமையில் பிறந்தவர்தான் சுரவரம் பிரதாப ரெட்டி. தெலங்கானாவில் கவிஞர்களே கிடையாது என்று ஒருவர் எழுதியபோது அவர் சண்டைக்குப் போகவில்லை. ஆட்களிடம் கேட்டுத் திரட்டத் தொடங்கினார். 1934-இல் 354 கவிஞர்களோடு கோல்கொண்டா கவுல சஞ்சிகை வெளிவந்தது. இல்லை என்று சொல்லப்பட்டதைக் கேட்டு எழுதிச் சேர்ப்பது சரித்திரத்தில் பாதி வேலை. ஏழாம் வகுப்புப் பெண் அதைத் தன் அளவில் செய்திருக்கிறாள்.

அவள் கொண்டுபோன புத்தகம் எது என்று பார்த்தேன். 'ரயிலுபடி'. ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயனாகியின் 'டோட்டோ-சான்' நூலின் தெலுங்கு வடிவம். தெலுங்கில் 'படி' என்றால் பள்ளிக்கூடம். தமிழ்க் கண்ணுக்கு அந்த எழுத்து வேறொன்றையும் சொல்லும். தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகப் பலர் படித்திருப்பீர்கள். பழைய ரயில் பெட்டிகளை வகுப்பறைகளாக வைத்து, 1937-இல் டோக்கியோவில் கோபயாஷி என்ற தலைமை ஆசிரியர் தொடங்கிய டோமோயே பள்ளியின் கதை. கதையில் ஓர் இரவு புதிதாக ஒரு பெட்டி வருகிறது, அதுதான் நூலகம். எந்த வகுப்புப் பிள்ளையும் எந்தப் புத்தகத்தையும் எடுக்கலாம், வீட்டுக்கும் கொண்டுபோகலாம் என்று அவர் சொல்லிவிடுகிறார். 1945-இல் அமெரிக்க விமானங்களின் குண்டுவீச்சில் பள்ளி எரிந்து போயிற்று. பெட்டிகளும் புத்தகங்களும் சாம்பல். 1981-இல் அந்தப் பள்ளியில் படித்த ஒரு பெண் எழுதிய புத்தகமாக அது திரும்பி வந்தது. இருப்புச் சரிபார்ப்பில் பூஜ்யம் வாங்கியிருக்கக்கூடிய ஒரு நூலகம் ஹைதராபாத் பிள்ளை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

எல்லாம் சரி, மக்கள் வரிப்பணம் அல்லவா, கணக்கு வேண்டாமா என்று தலைமை ஆசிரியர்கள் கேட்கலாம். கேட்பதில் நியாயம் இருக்கிறது. சில ஆயிரம் ரூபாய் மானியத்தில் ஒரு பள்ளி எத்தனை தடவை அதே புத்தகத்தை வாங்க முடியும்? எல்லாப் பிள்ளைக்கும் கேட்டதெல்லாம் கொடுத்துவிட்டு அலமாரி காலியானால் அடுத்த ஆண்டுப் பிள்ளை எதைப் படிக்கும்? அதனால்தான் பதிவேடு வேண்டும், அபராதம் இல்லாத நினைவூட்டல் வேண்டும், கிழிந்ததை ஒட்டுவதற்குப் பிள்ளைகளுக்கே பயிற்சி வேண்டும். ஆனால் இழப்பை முன்கூட்டியே ஒரு பிள்ளைமேல் எழுதிவைப்பது வேறு விஷயம். கொட்டகையில் இருப்பவள் திருப்பித் தரமாட்டாள் என்று முடிவு செய்தால், அது கணக்கு இல்லை. அவளைப் பற்றிய ஒரு தீர்ப்பு. சொந்த வீட்டுப் பிள்ளைக்குப் பக்கத்துத் தெருவில் இன்னொரு நூலகம் கிடைக்கலாம், அப்பா கடையில் வாங்கித் தரலாம். மூன்று மாதத்துக்கு ஒரு கட்டடம் மாறும் பிள்ளைக்கு வீட்டுக்கு எடுத்துப் போகும் அந்த ஒரு புத்தகம்தான் நூலகம் முழுவதும்.

இதே நகரத்தில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. லக்டிகாபுல் பக்கம் இருக்கும் எம்.என்.ஜே. புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சைக்கு வந்திருந்த குழந்தைகளைப் பார்த்து, அவர்களுக்குப் படிக்கவும் வண்ணம் தீட்டவும் புத்தகம் வேண்டும் என்று ஒரு பள்ளி மாணவிக்குத் தோன்றியது. அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கி அங்கே முதல் நூலகத்தை வைத்தாள். 2023 செப்டம்பரில் பிரதமர் வானொலியில் அவளைப் பற்றிப் பேசியபோது அவள் ஏழாம் வகுப்பு, நூலகங்கள் ஏழு. மருத்துவமனைக் குழந்தையிடம், நீ திரும்பி வருவாயா, புத்தகம் திரும்பி வருமா என்று கேட்டுவிட்டா கொடுத்திருப்பாள்? பதினொரு வயதுக்காரிக்குப் புரிந்தது நமக்குப் புரியாதா?

ஆக, ஆசிரியைக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். கொடுங்கள். ஆனால் உங்கள் கைக்காசில் வேண்டாம். 215-ஆம் விதியைக் காட்டி, ஆயிரத்துக்கு ஐந்து என்ற கணக்கைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமாக எழுதி வாங்கி வையுங்கள். பதிவேட்டில் ஆறாவதாக ஒரு பத்தி போடுங்கள்: அந்தப் புத்தகம் எத்தனை கை மாறியது என்று. சரிபார்க்க வருபவர் தொலைந்ததைப் பார்க்கும்போது படித்ததையும் பார்க்கட்டும். இடம் மாறிப் போகும் குடும்பம் முன்கூட்டித் தெரிந்தால், அந்தப் பிள்ளைக்கு ஒரு புத்தகத்தைப் பள்ளியின் பரிசாக நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அனுப்புங்கள். மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் போகிற பிள்ளைக்கு, இந்தப் பள்ளியில் படித்தாள் என்பதற்கு அதுவே ஓர் அத்தாட்சி.

பிள்ளைகளிடம் பேசும்போது ஒன்று சொன்னேன். செகந்திராபாத்தில் எல்லோருக்கும் தெரிந்த மகபூப் கல்லூரி, 1862-இல் ஒரு பள்ளிக்கூடமாக ஆரம்பித்தது; தொடங்கியவர் சோமசுந்தர முதலியார் என்ற தமிழர். 1893 பிப்ரவரியில், சிகாகோ போவதற்கு முன், விவேகானந்தர் பேசிய இடம் அது. பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "அப்போ அவரும் எங்களை மாதிரி வெளியூர்க்காரரா?" நானும்தான் என்றேன். கொஞ்ச நேரம் யார் யார் எந்த ஊரிலிருந்து வந்தவர்கள் என்று ஒரே இரைச்சல். ஆசிரியை அதையும் அடுத்த வாரப் பாடமாக்கிவிட்டார்.

'வெள்ளிப்போயிந்தி' என்ற அந்த ஒற்றை வார்த்தையைத் தமிழில் எப்படிப் போடுவது என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். 'போய்விட்டாள்' என்றால் புத்தகம் விட்டுப்போகிறது. 'போய்விட்டது' என்றால் பெண் விட்டுப்போகிறாள். மொழிபெயர்ப்பாளருக்குச் சில சமயம் மூலத்தைக் கொஞ்சம் திருத்தும் ஆசை வரும். 'எடுத்துப் போயிருக்கிறாள்' என்று எழுதிக்கொண்டேன். இதில் இரண்டும் இருக்கின்றன. எங்கோ ஒரு தகரக் கொட்டகையில் அவள் அதைப் படித்து முடித்திருப்பாள் என்று நம்புகிறேன்.